கரண்ட் பில் திடீரென்று எகிறினால் எங்கே தேடுவது?

பில் எகிறியதும் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது ஃபிரிட்ஜ், அடுத்தது ஏசி. மூன்றாவதாக, "மீட்டர் வேகமா ஓடுது" என்று ஒரு தீர்ப்பு வரும். மூன்றுமே உண்மையாக இருக்கலாம், மூன்றுமே பொய்யாகவும் இருக்கலாம். ஊகத்தில் புது ஃபிரிட்ஜ் வாங்கி, அடுத்த பில்லிலும் அதே தொகையைப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் காரணத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப அலைந்தோம். கடைசியில் அது எந்தச் சாதனத்திலும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களுக்கானது. செலவில்லாத வேலைகள் முதலில், காசு கேட்கும் வேலைகள் பின்னால் வரும். வரிசையை மாற்றாதீர்கள்.

1. கூடியது யூனிட்டா, பணமா?

எஸ்எம்எஸ்ஸில் வந்த தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. மின்வாரிய இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கீடுகளை எடுங்கள். குறைந்தது ஒரு வருடத்துக்காவது வேண்டும். வெள்ளை அட்டையில் ஒழுங்காக எழுதி வந்திருந்தால் அதுவே போதும். ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: ரீடிங் எடுத்த தேதி, யூனிட், தொகை.

சித்திரை, வைகாசி பில்லைத் தை மாத பில்லோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். போன வருடம் இதே மாதங்களில் எவ்வளவு என்று பாருங்கள்.

யூனிட் ஏறக்குறைய அதே அளவில் இருந்து தொகை மட்டும் கூடியிருந்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கூடுதல் வைப்புத்தொகை சேர்ந்திருக்கலாம், பழைய பாக்கியோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருக்கலாம். புது வீடு கட்டிக் குடிவந்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பில்லில் கட்டண வகை வீட்டு இணைப்புக்கான 1ஏ என்று இருக்கிறதா? கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு மாறாமலே இருந்தால் நீங்கள் வீட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கட்டிக்கொண்டிருப்பீர்கள், இலவச யூனிட்டும் கிடைக்காது.

2. 500 என்ற கோட்டைப் பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். இந்தக் கோட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2024 ஜூலைக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 வரை பயன்படுத்துவோருக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் சலுகை போய்விடும். 101-இலிருந்தே 4.70 போடுவார்கள், 500-க்கு மேலே 8.40. ஆக 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 319 ரூபாய்! கட்டணம் அவ்வப்போது மாறும், நீங்கள் கணக்குப் போடும்போது நடப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் தாமதமாக வந்தால் நீங்கள் எதுவுமே செய்யாமல் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளைக்கு 480 யூனிட், 1,679 ரூபாய். ஐந்து நாள் தள்ளி வந்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். அதனால்தான் முதல் படியில் தேதியையும் எழுதச் சொன்னேன். நாட்கள் 60-ஐத் தாண்டியிருந்தால் வீட்டுக்குள் தேடுவதை நிறுத்திவிட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

போன முறை வீடு பூட்டியிருந்து, 'டோர் லாக்' என்று உத்தேசத் தொகை போட்டிருந்தாலும் இதே சிக்கல் வரும். அப்போது விட்டுப்போன யூனிட் எல்லாம் இந்த முறை சேர்ந்து தெரியும்.

3. மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள்

பில்லில் இருக்கும் ரீடிங்கை மீட்டரில் ஓடும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டரில் இன்றைக்கு இருக்கும் எண், பில்லில் போட்டதைவிடக் குறைவாக இருந்தால் தேட வேண்டியதே இல்லை, ரீடிங் தப்பு. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போங்கள். டிஜிட்டல் மீட்டரில் திரை மாறிக்கொண்டே இருக்கும்: தேதி, நேரம், வோல்டேஜ், ஆம்பியர், உச்ச லோடு என்று பலதும் வரும். கிலோவாட் மணி (kWh) என்று குறித்திருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. அடுக்குமாடியில் இருந்தால் மீட்டரில் எழுதியிருக்கும் இணைப்பு எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டு மீட்டரை நம்முடையது என்று நினைத்துக்கொண்டு அலைபவர்கள் உண்டு.

பிறகு ஒரு வாரம் தினமும் காலையில் ஒரே நேரத்தில் மீட்டரைப் போட்டோ எடுங்கள். எழுதி வைப்பதைவிட போட்டோ நல்லது, தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும், பின்னால் புகார் கொடுக்கவும் உதவும். ஏழு நாள் யூனிட்டை ஏழால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் அடுத்த பில் எப்படி வரும் என்று தெரிந்துவிடும். எந்த நாளில் திடீரென்று கூடியது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். மாவரைத்ததா, விருந்தாளி வந்து ஏசி ஓடியதா, தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்ததா? பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

மீட்டரைத் தொடாதீர்கள். சீலில் கை வைத்தால் அது மின்திருட்டு வழக்கு வரைக்கும் போகும், நீங்கள் நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும்.

4. சிமிட்டலை எண்ணுங்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, காலணா செலவில்லை. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். 1600, 6400 என்றும் உண்டு.

இரவு எல்லாரும் படுத்த பிறகு, ஃபேன், லைட், ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கையும் கொஞ்ச நேரம் பிடுங்குங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர் எதுவும் ஓடக்கூடாது. இன்வெர்ட்டரை மறந்துவிடாதீர்கள், அது பின்னால் நின்று சத்தமில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். இப்போது செல்போன் டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள்.

3200 மீட்டராக இருந்தால் வந்த எண்ணை 19-ஆல் பெருக்குங்கள். எத்தனை வாட் ஓடுகிறது என்று ஏறக்குறையக் கிடைத்துவிடும். 1600 என்றால் 38-ஆலும் 6400 என்றால் ஒன்பதரையாலும் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 10 சிமிட்டல் என்றால் சுமார் 190 வாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 200 வாட் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 288 யூனிட்!

எல்லாம் அணைந்த பிறகு விளக்கு சிமிட்டவே கூடாது. சில மீட்டரில் லோடு இல்லாதபோது விளக்கு அணையாமல் நின்று எரியும், அது பிரச்சினை இல்லை. சிமிட்டல்தான் கணக்கு.

5. சிமிட்டல் நின்றால் சாதனத்தில் தேடுங்கள்

எல்லாம் அணைந்ததும் மீட்டர் அமைதியாகிவிட்டால் ஒயரிங் பெரும்பாலும் நல்லதுதான். இனி ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஆயிரம் ரூபாய் அளவில் பிளக்கில் மாட்டும் சிறிய எனர்ஜி மீட்டர் கிடைக்கிறது. ஃபிரிட்ஜ் போல விட்டுவிட்டு ஓடும் சாதனத்துக்கு அதுதான் சரி, 24 மணி நேரம் மாட்டி வைத்துப் பாருங்கள். நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.

என் அனுபவத்தில் சந்தேகப்பட வேண்டிய வரிசை இது.

தண்ணீர் மோட்டார் முதலில். இதை யாரும் சாதனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் சுற்றி எடுக்கும். முன்பு அரை மணியில் நிரம்பிய டேங்க் இப்போது ஒரு மணி நேரம் எடுக்கிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், ஃபுட் வால்வு ஒழுகலாம், கெப்பாசிட்டர் பலவீனமாகி மோட்டார் திணறலாம். கழிவறை ஃபிளஷ் டேங்க் ராத்திரி முழுக்க ஒழுகினால் அதுவும் கரண்ட் பில்தான், மோட்டார்தானே அதை மறுபடி ஏற்றுகிறது.

ஏசி அடுத்தது. ஒன்றரை டன் பழைய ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு முதல் எட்டு யூனிட் போகும். அது மட்டுமே இரண்டு மாதத்தில் 500-ஐ நெருங்கிவிடும். இங்கே கோளாறு தேட வேண்டியதில்லை, கணக்கே அவ்வளவுதான். ஃபில்டரைக் கழுவுங்கள், 26-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள்.

ஃபிரிட்ஜில் கதவு ரப்பரைப் பாருங்கள். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள், தடையே இல்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. மெக்கானிக் ரப்பர் மட்டும் மாற்றித் தருவார். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடினால் கேஸ் குறைந்திருக்கலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி பழசானால் முழுச் சார்ஜ் ஏறாது, சார்ஜர் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தொட்டால் சூடாக இருக்கிறதா, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைகிறதா என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காரணம் இதுதான், பேட்டரி மாற்றியதும் சரியாயிற்று.

கீசரை நாள் முழுக்க ஆனில் விடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதன் எலிமென்ட் உள்ளே துளை விழுந்தால் தண்ணீர் வழியாக எர்த்துக்குக் கசியும், குழாயைத் தொட்டால் சுரீரென்று இருக்கும். அப்படி இருந்தால் உடனே நிறுத்துங்கள், அது பில் விஷயமல்ல, உயிர் விஷயம்.

செல்போன் சார்ஜர், டிவி ஸ்டாண்ட்பை இவற்றையெல்லாம் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். பில் இரட்டிப்பானதற்கு அவை காரணமாக இருக்காது. விடுங்கள்.

6. எல்லாம் அணைத்தும் சிமிட்டுகிறதா?

இதற்குத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எம்சிபிகளை, அதாவது மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்னச் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஏதோ ஒன்றை இறக்கியதும் சிமிட்டல் நின்றால் கோளாறு அந்த லைனில்தான். ஈரச் சுவரில் போகும் ஒயர், மொட்டைமாடி விளக்கு, போர் மோட்டார் கேபிளில் போட்ட ஜாயின்ட் ஆகிய மூன்றும் பெரும்பாலும் மாட்டும். பழைய ஃபியூஸ் கட்டை உள்ள வீடு என்றால் இதை நீங்கள் செய்யாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் சிமிட்டினால் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். மேல்வீடு, கீழ்வீடு என்று ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று மீட்டர் இருக்கும் இடங்களில் இது சகஜம். நம் ஊர் வீட்டு மீட்டர்கள் போகும் பேஸையும் திரும்பும் நியூட்ரலையும் தனித்தனியாக அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு. மேல்வீட்டு அறை ஒன்றுக்கு ஒயரிங் செய்தவர் பேஸை அவர்கள் மீட்டரிலிருந்தும் நியூட்ரலைக் கைக்கு எட்டிய நம் பெட்டியிலிருந்தும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த அறை எரிக்கும் யூனிட் அவர்கள் மீட்டரிலும் ஏறும், நம் மீட்டரிலும் ஏறும். அவர்களுக்கு எந்த நஷ்டமும் தெரியாது, அதனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். எம்சிபி எல்லாம் இறக்கியும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மெயின் சுவிட்சையும் இறக்கினோம். அடுத்த நிமிடம் மாடியில் குடியிருக்கும் தம்பி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, ஃபிரண்ட் ரூம்ல மட்டும் ஃபேன் நின்னுபோச்சு, உங்களுக்குக் கரண்ட் இருக்கா?" என்றார். மெயினை ஏற்றினால் அவர் ஃபேன் சுற்றியது, இறக்கினால் நின்றது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முன்பு அந்த அறையைப் புதுப்பித்த எலெக்ட்ரீஷியன் செய்துவைத்த வேலை.

எனவே நீங்கள் மெயினை இறக்கும்போது மேலேயும் பக்கத்திலும் ஒருவரை நிறுத்தி, எதாவது நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு தடயமும் உண்டு. எர்த் லீக்கேஜ் பிடிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது என்று யாராவது அதைக் கழற்றி நேராக இணைத்திருக்கிறார்களா? நியூட்ரல் கலந்திருந்தால் ஆர்சிசிபி ஆனில் நிற்கவே நிற்காது. அது விழுந்தது கோளாறு இல்லை, கோளாறைக் காட்டிக்கொடுத்தது.

எச்சரிக்கை: நியூட்ரல் கலந்த வீட்டில் நம் மெயினை இறக்கிய பிறகும் நம் நியூட்ரல் ஒயரில் மேல்வீட்டு லோடு வழியாகக் கரண்ட் வந்துகொண்டிருக்கும். மெயின் இறங்கிவிட்டதே என்று யாரும் கை வைக்க வேண்டாம். இரண்டு வீட்டு மெயினையும் இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும்.

7. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன்

போனிலேயே கேளுங்கள்: "அண்ணே, கிளாம்ப் மீட்டர் இருக்கா? மெகர் இருக்கா?" டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் வைத்திருப்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து கிளாம்ப் மீட்டர் வாய்க்குள் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். எதாவது காட்டினால் அவ்வளவு கரண்ட் வேறு வழியில் போகிறது அல்லது வருகிறது. ஐந்து நிமிட வேலை. ஈரச் சுவரிலோ கேபிளிலோ கசிவு என்றால், ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்ப்பார்.

நியூட்ரலைப் பிரிப்பது பெரும்பாலும் அரைநாள் வேலை. கூலியும் ஒயரும்தான் செலவு. கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிடுங்கள், இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். "முழு வீட்டுக்கும் ரீ-ஒயரிங் பண்ணணும்" என்று எடுத்தவுடன் சொல்பவரிடம் எந்த லைனில் கசிவு என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் செலவு யாருடையது என்று வேலைக்கு முன்பே ஓனரிடம் பேசிவிடுங்கள். ஒயரிங் கோளாறு ஓனர் பொறுப்பு என்பதே நியாயம். சிமிட்டல் வீடியோவும் ஒரு வாரப் போட்டோவும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

8. மீட்டரே தப்பு என்று தோன்றினால்

மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகே இங்கே வாருங்கள். டிஜிட்டல் மீட்டர் வேகமாக ஓடுவது நடக்காது என்றில்லை, ஆனால் அரிது. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு 1,000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, அது சூடேறிக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தில் சிமிட்டலை எண்ணுங்கள். 3200 மீட்டரில் 53-ஐ ஒட்டி வரவேண்டும். வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 80, 90 என்று வந்தால் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு மனு. எடுத்துப்போக வேண்டியவை:

- மனு இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் மனு கொடுத்ததாகவே ஆகாது.
- பழைய பில் அல்லது இணையதளக் கணக்கீட்டு அச்சு, ஒரு வருடத்துக்கு.
- மீட்டர் போட்டோக்கள், தேதியோடு.
- ஒயரிங்கில் கசிவு இல்லை என்று எலெக்ட்ரீஷியன் எழுதிக் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு. கட்டாயமில்லை. ஆனால் "முதல்ல உங்க ஒயரிங்கைப் பாருங்க" என்று திருப்பி அனுப்புவதை இது தடுக்கும்.

மீட்டர் சோதனைக்குக் கட்டணம் உண்டு. தொகையைக் கேட்டுக் கட்டி, ரசீதை வாங்குங்கள். மனுவோடு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை மனுவின் பிரதியில் எழுதி வையுங்கள்.

நேரம் இங்கே முக்கியம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து பணம் கட்ட 20 நாள். மனு கொடுத்துவிட்டோமே என்று பில்லைக் கட்டாமல் இருந்தால் இணைப்பைத் துண்டிக்க வருவார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 ஒரு வழி தருகிறது. ஆட்சேபத்தோடு பணம் கட்டினால் தகராறு தீரும்வரை துண்டிக்கக்கூடாது. கட்ட வேண்டியது பில் தொகை அல்லது முந்தைய ஆறு மாத சராசரியில் வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், பிரிவு 56" என்று மனுவிலேயே எழுதுங்கள். ஆன்லைனில் முழுத் தொகையைத்தான் கேட்கும், ஆகவே சராசரித் தொகையைக் கட்ட நேரில் போக வேண்டியிருக்கும்.

பிரிவு அலுவலகத்தில் நடக்கவில்லை என்றால் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். எந்தத் தேதி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதன் உத்தரவும் சரிப்படவில்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த முத்திரை போட்ட பிரதியைத்தான்.